சர்க்கரை நோயுள்ள கிறிஸ்தவர் உபவாசம் இருக்கலாமா? அதிகம் சாப்பிடுவது பாவமா?

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு 46 வயது, சில வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும். டாக்டர் சொன்ன சாப்பாட்டு முறை பகலெல்லாம் சரியாகப் போகிறது, ஆனால் ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் நின்றபடியே அளவில்லாமல் சாப்பிட்டுவிடுகிறீர்கள். சபையில் ஒரு அக்கா "சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம், பெருந்தீனி பாவம்" என்று சொன்னது உங்களைக் குத்திக்கொண்டே இருக்கிறது. வருகிற லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், 21 நாள் தானியேல் உபவாசம் இருந்தால் இது சரியாகுமா என்று கேட்கிறீர்கள். மைண்ட்ஃபுல் ஈட்டிங் (சாப்பாட்டில் முழுக் கவனம் வைத்து மெதுவாகச் சாப்பிடுவது) என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டு, அது பௌத்தர்களுடைய தியானமாயிற்றே, நாம் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: சாப்பாட்டில் தோற்றுப்போகிற நான் விசுவாசத்திலும் தோற்றவளா? இல்லை சகோதரி. ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் தென்மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாகப் பல வருஷம் வேலை பார்க்கிறவள். சர்க்கரைக்காரர்களின் சாப்பாட்டைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். வேதத்தைப் பற்றி, வீட்டில் வாசிக்கிற, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி என்ற அளவில்தான் பேச முடியும், அந்தப் பகுதியை உங்கள் போதகரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அளவை மாற்றுவது என் வேலை இல்லை, அது உங்கள் டாக்டருடையது.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். கிளிமிபிரைடு என்கிற மருந்து, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கக்கூடும், அது ஆபத்து. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடிகிற நேரத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு இப்படி யாராவது வருவது வழக்கம். ஒருமுறை ஒரு அம்மாவைப் பெஞ்சிலிருந்து அப்படியே தூக்கிவந்தார்கள். வெள்ளைச் சேலை முதுகோடு ஒட்டும்படி வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது, மெஷினில் பார்த்தால் 48. சர்க்கரைத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்கிறார், மூன்று மணி ஆகவில்லையாம், உபவாசம் முறிந்துவிடுமாம். மகள் அழுதுகொண்டே ஊட்டினாள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஆனால் எல்லோருக்கும் அப்படித் தெளிவதில்லை. அந்த மாதிரி அறிகுறி வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்துப் பார்த்து இன்னும் 70-க்கு மேலே ஏறாவிட்டால் திரும்பவும் குடிக்க வேண்டும், அப்புறம் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளோ வேறு விதம்: பட்டினி கிடந்தால், சர்க்கரை ரொம்ப ஏறாமலே கூட இரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். ஆகவே "என் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சர்க்கரைதான், அவள் நாற்பது நாளும் இருந்தாள்" என்பது உங்களுக்குப் பொருந்தாது. விசுவாசத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பதையும் நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிறு சரியில்லை என்றபோது பவுல், உன் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்றுதான் எழுதினார், விசுவாசம் போதாது என்று எழுதவில்லை.

நோயாளிக்கு விலக்கு கொடுப்பது இந்தக் காலத்துச் சொகுசு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 5ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய யோவான் காசியன், எல்லா உடலுக்கும் ஒரே பலம் இல்லை என்பதால் உபவாசத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவு வைக்க முடியாது என்று தெளிவாகச் சொல்கிறார். 6ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் நாலுகால் பிராணிகளின் இறைச்சியை விலக்கிவிட்டு, மிகவும் பலவீனமான நோயாளிகளுக்கு மட்டும் அது கொடுக்கலாம் என்கிறார். இன்றைக்கும் கத்தோலிக்கத் திருச்சபையில் லெந்து தொடங்குகிற சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருக்க வேண்டிய கடமை 18 முதல் 59 வயது வரைதான், நோயாளிகள் அதில் சேர மாட்டார்கள். நம் சபைகளில் இப்படி எழுதிவைத்த சட்டம் இல்லாததால் ஒவ்வொருவரும் தன் மனச்சாட்சியைப் போட்டு வதைத்துக்கொள்கிறோம்.

தானியேல் உபவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தானியேல் 1ஆம் அதிகாரத்தில் இருப்பது பத்து நாள் சோதனை. பாபிலோன் ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக்கூடாது என்று அவர்கள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கேட்டார்கள். முடிவு என்ன என்று வாசித்துப் பாருங்கள், மற்ற வாலிபரைவிட அவர்கள் புஷ்டியாக இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. உடம்பு இளைக்க அந்த அதிகாரத்தைக் காட்டுகிறவர்கள் அந்த வசனத்தில் நிற்பதே இல்லை. 21 நாள் கணக்கு வருவது 10ஆம் அதிகாரத்திலிருந்து. அங்கே தானியேல் துக்கத்தோடு மூன்று வாரம் ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கினார், அப்படியென்றால் மற்ற நாட்களில் அவற்றைச் சாப்பிட்டிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இப்போது நடக்கிற 21 நாள் திட்டம் இந்த இரண்டையும் சேர்த்துப் பிற்பாடு செய்துகொண்டது. ஜெபத்துக்காக இருங்கள், நல்லதுதான். சர்க்கரைக்கு வைத்தியமாக இருக்காதீர்கள், வேதம் அப்படி ஒரு வாக்கைக் கொடுக்கவில்லை.

நடைமுறையில் நான் பார்க்கிற சங்கடம் ஒன்று உண்டு. லெந்து நாட்களில் நம் வீடுகளில் மீனும் முட்டையும் கோழியும் நின்றுபோகும், அந்த இடத்துக்கு என்ன வருகிறது? இன்னொரு கரண்டி சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். சாயங்காலம் உபவாசம் முடித்ததும் சீனி போட்ட காப்பியும் வடையும். நாற்பது நாள் முடிந்து சர்க்கரை பார்த்தால் முன்னைவிடக் கூடியிருக்கும், அந்த அம்மா "ஆண்டவருக்காகத்தானே இருந்தேன்" என்று கண் கலங்குவார். இறைச்சி, மீன் விடுவது என்று தீர்மானித்தால் அந்த இடத்தில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணிச் சுண்டல், மோர், கீரை வர வேண்டும். பழச்சாறு மட்டும் குடித்து உபவாசம் என்பது உங்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். சக்கையில் இருக்கும் நார் போய்விடுகிறது, சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்.

சரி, அந்த அக்கா சொன்ன வசனத்துக்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் சரீரம் ஆலயம் என்று சொல்வது வேசித்தனத்துக்கு விலகச் சொல்லும்போது. அதை உடம்பைப் பேணுவதற்கும் விரித்துச் சொல்வதில் தப்பில்லை, நானே சொல்வதுண்டு. ஆனால் அதை வைத்து இன்னொரு சகோதரியின் இடுப்பை அளப்பது அந்த வசனத்துக்குச் செய்கிற அநியாயம். ஒல்லியாக இருப்பது பரிசுத்தம் என்றால், ஸ்டீராய்டு மாத்திரையால் ஊதிப்போன நோயாளிக்கு நாம் என்ன சொல்வோம்? 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய், பெரியவர்களில் 11.4 சதவீதம். பரம்பரை, கர்ப்பகாலத்தில் வந்த சர்க்கரை, தூக்கக் குறைவு, மனஅழுத்தம், உட்கார்ந்தே செய்கிற வேலை, மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளை, இத்தனையும் சேர்ந்து வருகிற நோய் அது. நம் ஊர்க்காரர்களுக்கு எடை அதிகம் கூடாமலே கூட வந்துவிடுகிறது. இதைப் பெருந்தீனியின் கூலி என்று சொல்வது உண்மையும் இல்லை, அன்பும் இல்லை.

அதற்காகப் பெருந்தீனி என்று ஒரு பாவமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நீதிமொழிகள் கண்டிக்கிறது, "தேனைக் கண்டுபிடித்தாயானால் மட்டாய்ச் சாப்பிடு" என்று அளவும் சொல்லித்தருகிறது. பவுல் வயிற்றையே தேவனாக வைத்திருப்பவர்களைப் பற்றி அழுகையோடு எழுதுகிறார். சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 பட்டியலிடும்போது வயிறு நிறைந்திருந்ததையும், எளியவனுக்குக் கைகொடுக்காததையும் ஒரே மூச்சில் சொல்கிறது. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த பெரிய கிரகோரியார், உணவில் தவறுவதற்கு ஐந்து வழிகளைச் சொன்னார்: வேளைக்கு முன்பே சாப்பிடுவது, உயர்ந்த பண்டத்தையே தேடுவது, பக்குவத்தில் குறை பொறுக்காமல் இருப்பது, அளவுக்கு மீறுவது, பேராவலோடு பறந்து சாப்பிடுவது. அளவு அதில் ஐந்தில் ஒன்றுதான். குழம்பில் உப்பு கொஞ்சம் குறைந்ததற்காக மனைவியைப் பத்துப் பேர் முன்னால் கத்துகிற ஒல்லியான மனிதரும் அந்தப் பட்டியலில் வருவார். இன்னொன்றையும் மறக்காதீர்கள், நம் ஆண்டவரையே போஜனப்பிரியன் என்று ஜனங்கள் பேசினார்கள்.

இப்போது உங்கள் ராத்திரிச் சமையலறை. இதைத்தான் நீங்கள் பாவம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ இதில் மூன்று வேறு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது மருந்து. கிளிமிபிரைடு போடுகிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி, அடக்க முடியாத பசி வரும். கை கொஞ்சம் நடுங்கும், மனம் எதையும் யோசிக்காது, கிடைத்ததை வாயில் போடச் சொல்லும். அந்த நேரத்தில் மெஷினில் ஒருமுறை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் பிரச்சினை மருந்து அளவிலோ வேளையிலோ இருக்கிறது, உங்கள் ஆத்துமாவில் இல்லை.

இரண்டாவது வெறும் பட்டினி. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் இரண்டு மணிக்கு அவசரமாகக் கொஞ்சம் சோறு, அப்புறம் டீ மட்டும், எட்டு மணிக்கு வீட்டு ஜெபம், பிள்ளைகளுக்குத் தோசை சுட்டு முடித்து பத்து மணிக்கு நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மத்தியானத்துக்கும் பத்து மணிக்கும் நடுவே எட்டு மணி நேரம். அப்படி இருந்தால் யாராக இருந்தாலும் அடுப்படியில் நின்று அள்ளித்தான் சாப்பிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ சாப்பிட்டுவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

மூன்றாவதுதான் நம் வீடுகளில் யாரும் பேசாதது. அம்மா கடைசியில் சாப்பிடுவாள், தனியாகச் சாப்பிடுவாள், பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் சேர்த்துச் சாப்பிடுவாள். "வீணாக்கக் கூடாது டாக்டரம்மா, ஏசப்பாவே மிச்சத்தைச் சேர்க்கச் சொன்னாரே" என்று என்னிடம் சொல்லாத பெண்கள் குறைவு. யோவான் 6ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். ஒன்றும் சேதமாய்ப் போகாதபடி மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொன்னார், அவர்கள் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்தார்கள். யாருடைய வயிற்றிலும் திணிக்கவில்லை. பாதித் தோசை மிச்சமா, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், காலையில் யாராவது சாப்பிடட்டும்.

கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், பிந்தி வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுலுக்குக் கோபம் வந்தது அங்கேதான். "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எழுதினார். கிறிஸ்தவ முறையில் கவனித்துச் சாப்பிடுவது எது என்று என்னைக் கேட்டால் இந்த வசனத்தைத்தான் காட்டுவேன். எங்களிடம் வருகிற பெண்களிடம் அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிவாருங்கள் என்று சொல்வேன். அவர்கள் வந்து, "நாங்க சொன்னாலும் அவ உட்கார மாட்டா மேடம்" என்பார்கள். தோசை சுடச்சுட வேண்டும் என்று நாலு பேரும் கேட்டால் அவள் எப்படி உட்காருவாள்? வாரத்தில் நாலு நாளாவது முன்கூட்டியே செய்து வைத்து எல்லோரும் ஒன்றாக எட்டரைக்குள் உட்காருகிற சாப்பாடாக மாற்றுங்கள். உங்கள் தட்டில் போடுவதை முதலிலேயே முழுசாகப் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுகிற வேலையை மகனிடம் கொடுங்கள், மிச்சம் உங்கள் கைக்கே வராது.

இத்தனையும் சரிசெய்த பிறகும், வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதத்துக்கு மேல், யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியாத அளவு சாப்பிட்டுவிட்டுப் பிறகு வெறுப்பாக இருக்கிறது என்றால் அது மருத்துவத்தில் பெயர் உள்ள ஒரு பிரச்சினை. அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு இல்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் உபவாசம் இருக்கவே கூடாது, பட்டினி அதை இன்னும் கிளறிவிடும்.

மைண்ட்ஃபுல் ஈட்டிங் பற்றி. ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்த வழக்கம் இது, ஒரு உலர்திராட்சையை மெதுவாகப் பார்த்து, முகர்ந்து, மென்று சாப்பிடச் சொல்வார்கள். அதன் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்லித்தருவதில் வழிபாடு எதுவும் இல்லை: உட்கார்ந்து சாப்பிடுங்கள், போனைத் தள்ளி வையுங்கள், சின்ன வாயாக மெல்லுங்கள், பாதியில் நிறுத்திப் பசி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மனச்சாட்சி அந்தப் பெயரில் இடறினால் ரோமர் 14 சொல்கிறபடி அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. நமக்குச் சாப்பாட்டு ஜெபம் இருக்கிறதே. அதை நாம் சோற்றில் கையை வைத்துக்கொண்டே மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தட்டைப் பார்த்து, நெல் விளைவித்தவரையும் மீன் பிடித்தவரையும் நினைத்து, ஒரு நிமிஷம் எடுத்து ஸ்தோத்திரம் சொல்லிப் பாருங்கள், நீங்கள் வீடியோவில் பார்த்ததில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். பலன் என்று பார்த்தால், கட்டுமீறிச் சாப்பிடுவதைக் குறைக்க இந்தப் பயிற்சி உதவுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. எடை குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் சொல்லவில்லை. சர்க்கரைக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சிக்கலாக எதுவும் வேண்டாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்வது போலத் தட்டில் பாதி காய்கறியும் கொஞ்சம் பழமும், மீதிப் பாதியில் சோறும் பருப்பும் மீனும். முதலில் காயும் மீனும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, எங்களிடம் வருகிறவர்கள் பலருக்கும் இது ஒத்துவருகிறது. சாப்பிட்டு முடித்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது நிச்சயம் உதவும். சபையில் வைக்கிற அசன விருந்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். கறிச்சோறு ஒரு தடவை வாங்கி நிதானமாகச் சாப்பிடுங்கள், அதற்காகக் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். கொழுமையானதைப் புசித்து, ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று நெகேமியா ஜனங்களுக்குச் சொன்னதும் வேதம்தான், ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் அந்த வசனத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

லெந்துக்கு என்ன செய்வது என்றால், வேளையை விடாமல் பண்டத்தை விடுங்கள். சீனி, பேக்கரி பலகாரம், சாப்பிடும்போது டிவி, இந்த மூன்றையும் நாற்பது நாள் விடுவது உங்களுக்கு நிஜமான உபவாசம். ஏசாயா 58 கேட்கிற உபவாசம் பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்வது. மிசோரம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துவைக்கிறார்கள், நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம், நம் பக்கமும் பிடியரிசி எடுத்துவைத்த பாட்டிமார் உண்டு. உங்கள் வீட்டிலும் அந்த ஒரு பிடி உலையில் குறைந்து வேறொருவர் வீட்டுக்குப் போகட்டும். பெரிய வெள்ளியன்று ஆராதனைக்கு முன் டாக்டர் சொன்னபடி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும், பக்கத்தில் உட்காருகிறவரிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவையுங்கள். கோயிலில் ஊற்றுகிற கஞ்சியை ஒரு கிண்ணம் குடிக்கலாம், பயறும் துவையலும் கூட இருந்தால் நல்லது.

சாம்பல் புதனுக்கு ஒரு மாதம் முன்பாகவே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொண்டுபோங்கள், "உபவாசம் இருக்கலாமா" என்று பொதுவாகக் கேட்காமல் எந்த வேளையை எத்தனை மணி வரை தள்ளப்போகிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் அவரால் மாத்திரை வேளையைப் பற்றித் தீர்மானிக்க முடியும். அதற்கு முன்னால் மூன்று நாள், அந்தப் பத்து மணிப் பசி வரும்போது சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து எழுதிவையுங்கள். அந்த மூன்று எண்களையும் இங்கே போட்டால், ராத்திரிச் சாப்பாட்டை எப்படி அமைப்பது என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.